மட்டாஞ்சேரியில் தான்றி தேடியது

ஒரு துண்டுக் கட்டையைக் கையில் கொடுத்தால் அது என்ன மரம் என்று சொல்லிவிடுவேன். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் சொல்லுவேன். நகத்தால் ஒரு கீறல், மூக்கில் ஒரு இழுப்பு, அதற்கும் பிடிபடாவிட்டால் நுனி நாக்கில் ஒரு தொடல். தேக்கு, ஈட்டி, வேங்கை, கோங்கு, அயினி, மருது, எதுவும் என்னிடம் வேஷம் போட முடியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அறுப்புக் குழிக்குள் நின்று கீழ்ப்பக்கத்து ரம்பத்தை இழுத்தவன். மேலே நிற்கிறவனுக்குக் காற்று வரும். கீழே நிற்கிறவனுக்கு மரத்தூள்தான் வரும். அந்தக் குழியிலிருந்து ஏறி வந்து திண்டுக்கல்லில் சொந்தமாக மரக்கடையும் அறுவை மில்லும் வைத்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இப்பேர்ப்பட்ட நான், எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், ஒரே ஒரு மரத்தைத் தேடி, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு கொச்சி மட்டாஞ்சேரித் தெருக்களில் அலைந்தேன். அந்தப் பயணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

போனது என் மகள் மல்லிகாவின் சம்பந்த விஷயமாக. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ கொச்சிக்குப் பிழைக்கப் போய் அங்கேயே வேர் பிடித்துவிட்ட தமிழர்கள். பையனுக்குக் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலேயே நிச்சயம் என்று பேச்சு. நான் திங்கட்கிழமையே போய் மற்ற காரியங்களைப் பேசி முடிப்பது, மற்றவர்கள் வியாழக்கிழமை சாயங்கால வண்டிக்கு வந்து சேருவது என்று ஏற்பாடு.

மல்லிகாவுக்கு அதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்கள் தட்டிப் போயிருந்தன. இந்தப் பையனின் போட்டோவை அவள் தன் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள் என்று என் மனைவி ரகசியமாகச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு, இந்த இடம் மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது. கிளம்பும்போது மனைவி வாசல் வரை வந்தாள்.

"அங்க போயி வாயை மட்டும் கொஞ்சம் அடக்கி வச்சுக்கங்க. வேற ஒண்ணும் நீங்க செய்ய வேண்டாம்" என்றாள்.

மட்டாஞ்சேரியில் இறங்கியதும் முதலில் தும்மினேன். அந்த ஊரில் காற்றே ஒரு மளிகைக் கடை. இந்தப் பக்கம் சுக்கு, அந்தப் பக்கம் மிளகு, நடுவில் ஏலம். கைவண்டிக்காரர்கள் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், ஒருவர்கூடத் தும்மவில்லை. நான் தங்கிய லாட்ஜின் கீழே ஹம்சா என்பவரின் சாயாக்கடை. மூங்கில் குழலிலிருந்து புட்டைத் தள்ளி, கறுப்புக் கடலைக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் ஒரு பழத்தையும் வைத்தார். பலகாரத்தோடு பழத்தைப் பிசைவதா என்று யோசித்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பிசைந்தார்கள், நானும் பிசைந்தேன். நம் ஊர் இட்லிக்கு அது ஈடாகாது. ஆனால் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பெயர் ஆறுமுகம். யூதர் தெருவான ஜூ டவுன் பக்கத்தில் சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். ஒல்லியான மனிதர், வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை. குடையின் பிரம்புப் பிடியில் பச்சை நூல் சுற்றியிருக்கும். மனைவியை இழந்தவர். வீட்டை நடத்துகிறவர் அவருடைய அக்காள் பார்வதியம்மாள். அந்த வீட்டில் அவர் 'சரி' என்றால் சரி, 'வேண்டாம்' என்றால் வேண்டாம். அது வாசலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது.

"வாங்க சம்பந்தி" என்று நான்தான் முதலில் உறவு கொண்டாடினேன்.

ஆறுமுகம் சிரித்தார். "அதுக்கு வெள்ளியாழ்ச்ச கழியணும் அண்ணாச்சி. இப்ப சாப்பிடலாம்."

சாப்பாட்டில் ஒவ்வொரு சோற்றுப் பருக்கையும் புளியங்கொட்டை அளவு இருந்தது, சிவப்பாக. குடிக்க வைத்த தண்ணீரும் சிவப்பு, அதுவும் சுடச்சுட. டம்ளரைத் தூக்கி ஒரு முறை முகர்ந்தேன்.

"பதிமுகக் கட்டை. சிராய் சீவிப் போட்டுக் கொதிக்க வச்சிருக்கீங்க. நல்ல வைரம் பாஞ்ச கட்டை" என்றேன்.

பார்வதியம்மாள் கரண்டியோடு நின்றுவிட்டார். "கொள்ளாமே. வெள்ளத்தை மணத்து மரத்தைச் சொல்றாரே."

அந்தப் பாராட்டை நான் அனுபவித்து முடிப்பதற்குள் அவர் அடுத்ததைப் பரிமாறினார். சோற்றை அல்ல, பேச்சை. "ஆலப்புழையில ஒரு பொண்ணு பாத்தோம். எல்லாம் சரியாச்சு. பொண்ணோட சித்தப்பாவுக்குக் காதுமடல் தடிச்சு இருந்தது. நான் வேண்டாம்னு பறைஞ்சேன். எனக்குக் குடும்பத்துல உடம்பு சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். சீக்கு வந்த ரத்தம் வேண்டாம்."

காதுமடல் தடித்தால் பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று பயப்படுகிற காலம் அது. நான் சட்டைக் கையைச் சுருட்டி இரண்டு கைகளையும் நீட்டினேன். "பாத்துக்கங்கம்மா. ஐம்பது தாண்டிட்டேன். உடம்புல ஒரு தடிப்பு, ஒரு படை கிடையாது. எங்க வம்சமே இப்படித்தான்."

அந்தம்மாள் கைகளையும் பார்த்தார், காதுகளையும் பார்த்தார். பிறகு அப்பளம் வைத்தார்.

மறுநாள் மாப்பிள்ளையைப் பார்க்க ஆறுமுகம் என்னைக் களமசேரிக்கு அழைத்துப் போனார். மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளத்துக்குப் போட்டில் போக வேண்டும். தண்ணீர் என்றால் எனக்குக் குடிக்க மட்டும்தான் பழக்கம். போட் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது உட்கார்ந்த பலகையைப் பிடித்தேன். பிடித்த கை பலகையை அடையாளம் கண்டுகொண்டது. அயினி. அவர்கள் ஆஞ்சிலி என்கிறார்கள். தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் அசையாத மரம். அதற்குப் பிறகு தைரியமாகக் கப்பல்களை வேடிக்கை பார்த்தேன்.

ஆறுமுகமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு பிடி மிளகை முகர்ந்தால் அது எந்த மலையில் காய்ந்தது என்று சொல்லிவிடுவார் என்று எதிர்சீட்டில் இருந்தவர் எனக்குச் சொன்னார். ஆக, அந்தப் போட்டில் இரண்டு பெரிய மூக்குகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

மாப்பிள்ளை தொழிற்சாலை வாசலுக்கு வந்து, வேட்டி கட்டியவன் மாதிரி பேன்ட்டைச் சரிசெய்துகொண்டு என் காலைத் தொட்டான். நல்ல பையன். கையில் எண்ணெய்க் கறை இருந்தது. கறையோடு இருக்கிற கைதான் எனக்குப் பிடிக்கும். என் மனசுக்குள் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது.

திரும்பும்போதுதான் கோளாறு. பஸ் கொஞ்ச தூரம் வந்து, பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார், கண்டக்டரும் குனிந்தார், பிறகு பயணிகளும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். அடுத்த பஸ் நிற்கும் இடம் வரை நடக்கலாம் என்றார் ஆறுமுகம்.

கப்பை என்கிற மரவள்ளித் தோட்டமும் செம்மண் கல் சுவருமாக நல்ல நிழல் பாதை. ஆறுமுகம் குடையின் நுனியால் ஒரு மரத்தைக் காட்டினார். "அண்ணாச்சி, இது ஏதாக்கும்?"

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். வெட்டிப் போட்ட மரம்தான் என் பழக்கம். இலையோடு நிற்கிற மரம், வேட்டி சட்டை போட்டு ஜரிகைத் துண்டும் போட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி. துணியைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியுமா? பட்டையைக் கீறி உள்ளே பார்த்தால்தான் முகம் தெரியும். நான் கீறினேன். "புன்னை." சரி. அடுத்தது, "பூவரசு." அதுவும் சரி. வழியில் வந்த ஒருவரை நிறுத்தி ஆறுமுகம் கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார். மூன்றாவது மருது. நாலாவதைக் கீறாமலே, அடிமரத்தைத் தட்டிப் பார்த்தே பலா என்றேன். அதில் காய் தொங்கியதை ஆறுமுகம் சுட்டிக் காட்டினார். இருந்தாலும் என் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பாதை வளைந்த இடத்தில் ஒரு பாம்புக் காவு, நாகத்துக்கென்று வெட்டாமல் விட்ட தோப்பு. சுவருக்குள்ளே பகலிலேயே இருட்டு. உள்ளிருந்து ஒரு கிளை சுவரைத் தாண்டி ரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மா இலை மாதிரி நீளமான இலை, ஆனால் மாமரம் இல்லை.

"அது காவாக்கும். அதைத் தொட வேண்டாம்" என்றார் ஆறுமுகம்.

"சுவருக்கு வெளிய நீட்டுனா அது ரோட்டுக்குச் சொந்தம்" என்று சொல்லி ஒரு கொப்பை ஒடித்தேன். பால் கசிந்தது. நகத்தால் கீறினேன், முகர்ந்தேன், பிடிபடவில்லை. நாக்கு நுனியில் தொட்டேன். சுருக்கென்றது. "மா ஜாதிதான். காட்டு மா" என்றேன்.

ஆறுமுகத்துக்கு அவருடைய மூக்கின் மேல் நம்பிக்கை. கொப்பை என்னிடமிருந்து வாங்கி, மிளகை முகர்கிற மாதிரியே உள்ளங்கையில் கசக்கி, முகத்தோடு சேர்த்து வைத்து இழுத்தார். "மாங்காய் மணமில்லை. பின்னே எந்தாக்கும்?" என்று இன்னொரு தடவையும் இழுத்தார். வழியில் அப்போது பார்த்து யாரும் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறியபோது என் விரல்களில் பால் பட்ட இடமெல்லாம் கறுப்பாகியிருந்தது. துண்டில் துடைத்தேன். அந்தக் கறை அந்தத் துண்டை விட்டுக் கடைசி வரை போகவே இல்லை.

புதன்கிழமை காலையில் கண்ணைத் திறக்கப் பார்த்தேன். ஒரு கண்தான் திறந்தது. உதடு யாருடையதோ மாதிரி கனத்தது. லாட்ஜுக் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்து, அறை மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பரங்கிக்காய்க்கு மீசை வைத்த மாதிரி ஒரு முகம். அரிப்பு என்றால் அப்படி ஒரு அரிப்பு. மெதுவாகக் கையை எடுத்துப்போய்க் காதைத் தொட்டேன். மடல் தடித்து, தோசைத் துண்டு மாதிரி இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பார்வதியம்மாள் அப்பளம் வைத்துக்கொண்டே என் காதைப் பார்த்த பார்வைதான் முதலில் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் மல்லிகாவின் பெட்டி. இந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றால், பெண்ணின் சித்தப்பா கூட இல்லை, பெண்ணைப் பெற்றவனுக்கே சீக்கு என்று ஆகிவிடும்.

பக்கத்து டிஸ்பென்சரியில் ஒரு கம்பவுண்டர் ரோஸ் நிறத்தில் மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் வடிந்துவிடும் என்றார். ஒரு வாரம் கழித்து வடிந்தால் எனக்கு என்ன, வடியாவிட்டால் எனக்கு என்ன?

ஆறுமுகத்துக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கடை ஆள் வந்து கதவுக்கு வெளியே நின்றான். கதவைக் கொஞ்சமாகத் திறந்து இருட்டிலிருந்தே என்ன என்று கேட்டேன்.

"முதலாளிக்குச் சுகமில்லை. ரெண்டு நாளைக்கு ஆரையும் காணமாட்டார். அண்ணாச்சி வீட்டுக்கு வரவேண்டான்னு சொல்லச் சொன்னார்."

நேற்று மத்தியானம் வரை கல்லு மாதிரி நடந்த மனிதருக்கு இன்றைக்கு என்ன சுகமில்லை? டிஸ்பென்சரிக்குப் போகும்போது என் முகத்தை யாரோ பார்த்துவிட்டு அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது. வீட்டுக்கு வரவேண்டாம் என்றால் வேறு என்ன அர்த்தம்?

ஹம்சா சாயாவை மாடிக்கே கொண்டுவந்தார். துண்டை விலக்கச் சொன்னார். விலக்கினேன். ஒரு முறை பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சி ஏது மரத்துல கை வச்சீங்க?"

"காட்டு மா."

"காட்டு மாவோ? அது சேரு மரம். அடியில நின்னாலே சிலருக்குப் பொங்கும். நீங்க என்ன செஞ்சீங்க?"

"நக்குனேன்."

அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். சேரு பிடித்தால் அந்த ஊரில் செய்கிற முறை ஒன்று இருக்கிறதாம். தான்றி மரத்தை மூன்று முறை வலம் வர வேண்டும். வந்து, அறியாமல் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள் என்று மரத்திடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சேரு செய்ததைத் தான்றி எடுத்துவிடும்.

"மனசுக்குள்ள சொன்னா போதாதா?" என்று கேட்டேன்.

"போதாது. மரம் கேக்கணும்."

மரத்தொழிலில் தலை நரைத்த நான், ஒரு மரத்துக்கு முன்னால் நின்று எனக்குத் தெரியாது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வியாழக்கிழமை வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். தான்றியைக் கட்டையாக எனக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், சீக்கிரம் புழு விழும், நான் கடைக்குள்ளேயே சேர்க்க மாட்டேன். அந்த மரம் என்னைப் பழி வாங்குகிறது என்றுதான் நினைத்தேன். இலையோடு அது எப்படி நிற்கும் என்பதுதான் தெரியவில்லை.

கடைத்தெருவில் ஒரு கிட்டங்கி வாசலில் மூட்டை மூட்டையாகத் தான்றிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்த்து மருந்துக்குப் போகிற சரக்கு. என் உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. "இது எந்த மரத்துல பறிச்சது?" என்று கிட்டங்கிக்காரரைக் கேட்டேன்.

"பறிச்சதோ? இது லாரியில வந்தது."

"லாரி எங்கிருந்து வந்தது?"

"காட்டுல இருந்து." அவர் துண்டுக்குள் எட்டிப் பார்க்க முயன்றார். நான் நடையைக் கட்டினேன்.

நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த ஊரில் இத்தனை மரம் நிற்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரை வரை கையை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் முதுகில் வேறு செடிகள், அந்தச் செடிகளில் வேறு கொடிகள். நம் ஊரில் ஒரு மரம் ஒரு மரமாகத்தான் நிற்கும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு கூட்டுக் குடும்பம். ஒற்றைக் கண்ணால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

ஜூ டவுனில் பழைய சாமான் விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு மரம். கிளை நுனியில் இலைகள் கொத்துக் கொத்தாக, அகலமாக இருந்தன. ஹம்சா சொன்ன அடையாளமும் அதுதான். பட்டையைக் கீற இந்த முறை கை வரவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தேன். மூன்று முறை வலம் வந்தேன். "அறியாமல் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்" என்று சொன்னேன். சத்தம் போதாதோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மீன்காரம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தோப்பும்படித் துறையிலிருந்து மீன் கொண்டுவருகிறவராம்.

"எந்தினா சேட்டா பாதாம் மரத்தைக் கும்பிடறது?" என்றார்.

நான் துண்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "சேரு. தான்னி வேணும், இல்லையா? இன்னைக்கு எல்லாருக்கும் தான்னி வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்து, வழி சொன்னார். தோப்பும்படி ரோட்டிலிருந்து வாய்க்கால் கரையோடு போனால் ஒரு சின்னக் கோயில், அதன் பின்புறம் பழைய குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். போகும்போது ஒரு நெத்திலிக் கூறு வாங்கிக்கொள்ளச் சொன்னார். முகத்தை மூடிக்கொண்டு போகிற நேரத்தில் மீனை எங்கே வைத்துக்கொள்வது?

கோயிலின் பின்பக்கம் போனதுமே கீழே பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். தரையெல்லாம் சாம்பல் நிறத்தில், வெல்வெட் மாதிரித் தோலோடு தான்றிக்காய். நிமிர்ந்தால் மரம், நேராக, பெரிதாக, நான் கடைக்குள் விடாத அதே மரம். இத்தனை அழகாக நிற்கும் என்று நினைக்கவில்லை.

ஆனால் மரம் காலியாக இல்லை. தலையில் துண்டு போட்ட ஒருவர் குனிந்தபடி அதைச் சுற்றிக்கொண்டிருந்தார். கோயிலில் வரிசை நிற்கிற மாதிரி ஒதுங்கி நின்றேன். அந்த ஆள் மரத்தின் மறுபக்கம் போய், இந்தப் பக்கம் வந்தார். அடிமரத்தில் ஒரு கறுப்புக் குடை சாத்தியிருந்தது. பிடியில் பச்சை நூல்.

திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் கால் எழுந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "உரக்கச் சொல்லுடா. மரத்துக்குக் கேக்கண்டாமா?"

குளத்துப் படியில் பார்வதியம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். என் கை துண்டை இறுக்கியது. ஆனால் இறுக்கின வேகத்தில் அது ஒரு பக்கம் நழுவி, தோசைத் துண்டுக் காது வெளியே வந்துவிட்டது. அந்தம்மாள் எழுந்து என்னிடம் வந்தார். காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கறுத்த விரல்களைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்களுமா?" என்றார்.

மரத்தடியில் ஆறுமுகம் நின்றுவிட்டார். துண்டு விலகியது. என் முகம் பரங்கிக்காய் என்றால் அவருடையது பலாப்பழம். மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

"நேத்து முழுக்க அறையில இருந்து வெளிய வரல்லை" என்றார் அவர். உதடு தடித்திருந்ததால் பேச்சு குழறியது. "அண்ணாச்சி இந்த முகத்தைப் பாத்தா, சீக்குக் குடும்பம்னு பொண்ணு தர மாட்டீங்களேன்னு பயந்து போச்சு. அதான் வரவேண்டான்னு ஆள் விட்டேன்."

நான் அங்கேயே தான்றிக்காய்களின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் நெஞ்சில் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரிக்கப் பார்த்தேன். உதடு ஒத்துழைக்கவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

பார்வதியம்மாளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "அதுசரி, சேருக் கொப்பை ஆராக்கும் முதல்ல ஒடிச்சது?"

என் மனைவி வாசலில் சொன்ன புத்தி சரியாக அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"நானாக்கும் அக்கா" என்றார் ஆறுமுகம், என் பக்கம் திரும்பாமலே. "சம்பந்திக்குக் காட்டலாமேன்னு ஒடிச்சேன். பாவம், சம்பந்தி வேண்டாம்னுதான் சொன்னார்."

திங்கட்கிழமையிலிருந்து நான் எதிர்பார்த்த வார்த்தை அது. வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே வந்துவிட்டது, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

"ஒருத்தன் மிளகை மணத்துக்கிட்டு, ஒருத்தர் கட்டையை மணத்துக்கிட்டு" என்று தலையில் தட்டிக்கொண்டார் பார்வதியம்மாள். "மூக்கு இருந்தா மட்டும் போதுமா? எழுந்திரிங்க அண்ணாச்சி. இவனுக்கு ஒரு சுத்து பாக்கி. அதை விட்டுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து மூணு சுத்துங்க."

சுற்றினோம். முன்னால் ஆறுமுகம், பின்னால் நான். "அறியாம செஞ்சதாக்கும், பொறுத்துக்கணும்" என்று அவர் சொல்ல, நானும் அதையே அவர் ஊர்த் தமிழில் உரக்கச் சொன்னேன். அன்றைக்கு என் குரல் அவர் குரலைவிடப் பெரிதாக இருந்தது என்பதை ஆறுமுகமே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கிய என் மனைவி என்னைத் தாண்டி நடந்து போய், திரும்பி வந்தாள். "வாயை அடக்கிக்கங்கன்னு சொன்னேன். வீங்க வைக்கச் சொல்லல" என்றாள். மல்லிகா பெரியவர்கள் முன்னால் சிரிக்கக் கூடாதென்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வீக்கம் பாதி வடிந்திருந்தது. ரோஸ் மருந்தா, தான்றியா என்று கேட்டால், நான் தான்றி என்றுதான் சொல்லுவேன். என் கடையில் இப்போது தான்றிக் கட்டைக்கும் ஒரு மூலை உண்டு. தாம்பூலம் மாற்றியபோது ஒரு போட்டோ எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறோம். பார்க்கிறவர்கள், "கூடப் பிறந்தவரா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பத்தியத்துக்காக எங்கள் இருவருக்கும் மட்டும் அன்று உப்பில்லாத கஞ்சி. பக்கத்தில் எல்லோருக்கும் பாயசம். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கல்யாணம் எங்கள் ஊரில் நடந்தது. பந்தல் கால் முழுக்க நான் கையால் பொறுக்கி எடுத்த மரம். மாப்பிள்ளை மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியை வலம் வர எழுந்தான். மூன்று சுற்று என்றார் ஐயர். ஆறுமுகம் குடையை மடியில் வைத்துக்கொண்டு என் காதருகில் குனிந்தார்.

"சம்பந்தி, அறியாம செஞ்சதாக்கும்னு அவனும் உரக்கச் சொல்லணுமோ?"